கசப்பு மரவள்ளியும் விரால் குஞ்சுகளும்

மலையடிவாரக் காட்டில் கோரைப்பல்லர் என்றொரு காட்டுப்பன்றியார் இருந்தார். அவர் குடும்பம் பெரியது. அவர்களுடைய வயிறுகள் அதைவிடப் பெரியவை. காட்டோரம் மரவள்ளி மண்டிக் கிடந்தது. ஆனால் அது கசப்பு மரவள்ளி. பச்சையாகத் தின்ற ஆடு அசைபோடுவதற்குள் காலை நீட்டிவிடும்.

கோரைப்பல்லருக்கு மட்டும் அதைப் பக்குவம் செய்யத் தெரியும். கிழங்கைத் துண்டாக்கிப் பாறைக்குழி நீரில் ஊறப்போடுவார். நஞ்சு நீரில் இறங்கியதும் துண்டுகளைக் கிளையால் வாரி வெயிலில் காயவைப்பார். இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தது முள்ளம்பன்றி. அதற்குப் பெயரில்தான் பன்றி. உறவில் அது எலிக்குச் சொந்தம். ஆகவே நன்றி சொல்லத் தேவையில்லை என்பது கோரைப்பல்லரின் வாதம்.

ஒரு கோடைக் காலையில் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. குழி நிறையக் கலங்கல் நீர். குழியின் வாயை அடைத்திருந்தது ஒரு மண்மடை. அதற்குக் கீழே வறண்ட ஓடை, ஓடை முடியும் இடத்தில் குளம். கோரைப்பல்லர் கொம்பு ஒன்றை வாயில் கவ்வி மடையைக் கிளறத் தொடங்கினார்.

"பன்றியாரே! மடையைத் தொடாதீர்கள்!"

குளத்திலிருந்து தலையை நீட்டிக் கத்தியது ஒரு தாய் விரால். சிவப்பு நூல்துண்டுகள் போல அதன் குஞ்சுகள் சுற்றிலும் நெளிந்தன.

"என்ன விராலம்மா, காலையிலேயே கூப்பாடு? குளத்துக்கு நாலு குடம் நீர் சேர்க்கிறேன். நீ நன்றி அல்லவா சொல்ல வேண்டும்!"

"போன முறை நீங்கள் சேர்த்தபோது கெண்டைகள் வயிறு தெரிய மிதந்தன!"

"அது கொக்கின் வேலை."

"கொன்றதைத் தின்னாமல் போகக் கொக்கு என்ன விரதமா இருக்கிறது?"

கோரைப்பல்லர் கனைத்துக்கொண்டார். பதில் கிடைக்காதபோது பழமொழி சொல்வது அவர் வழக்கம்.

"கடலில் கரைத்த பெருங்காயம் என்று கேட்டதில்லையா? கரைந்தால் இருந்த இடம் தெரியாது!"

"இது கடலா? பாதி வற்றிய குளம்! சரி, அந்த நீர் அவ்வளவு நல்லதென்றால் ஒரு வாய் குடியுங்களேன்!"

"குடிப்பதா! எனக்கென்ன பைத்தியமா? கிழங்கின் நஞ்செல்லாம் அதில்தானே இருக்கிறது!"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. நஞ்சு கிழங்கை விட்டு வெளியேறும் என்பது அவருக்குத் தெரியும். வெளியேறி எங்கே போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது யோசிக்கவும் நேரமில்லை. கிளறிய மடை விரிசல் விட்டது. நீர் ஓடையில் இறங்கியது!

"ஐயோ, என் பிள்ளைகள்!" என்று அலறியது விரால்.

கோரைப்பல்லர் ஓடையின் குறுக்கே படுத்துவிடப் பாய்ந்தார்.

"படுக்காதீர்கள்! உங்கள் விலாவில் புண் இருக்கிறது, நஞ்சு ஏறிவிடும்! மண்ணைத் தள்ளுங்கள்!"

மண் கிளறுவதில் அவரை வெல்ல ஆளில்லை. நீரை முந்திக்கொண்டு ஓடினார். உலர்ந்த மண்ணைத் தோண்டிப் பின்னங்கால்களால் வாரி வீசினார். வரப்பு எழுந்தது. நீர் வந்து முட்டி, தயங்கி, நின்றது. குளத்துக்கு ஒரு முழம்தான் மிச்சம்!

மேலே ஓடி விரிசலையும் அடைத்தார்.

"மிச்ச நீரை மண்ணில் புதைத்துவிடவா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"புதைத்தால் ஊறி ஊறி என்னிடமே வந்து சேரும்!"

கோரைப்பல்லர் காய்கிற துண்டுகளைப் பார்த்தார். ஊறிய பிறகும் மிஞ்சும் கசப்பை வெயில்தானே எடுக்கிறது? அப்படியானால் நீருக்கும் அதே மருந்துதான்! குழியின் மறுபுறம், குளத்துக்கு எதிர்ச்சரிவில், வெறும் பாறை ஒன்று பரந்து கிடந்தது. அந்தப் பக்கம் வாய்க்கால் வெட்டினார். நீர் பாறைமேல் மெல்லிய படலமாகப் பரவியது. ஓடையில் நனைந்த மண்ணையும் கிளையால் வாரி அங்கேயே கொட்டினார். பிறகு நஞ்சின் ஆவி மூக்கில் ஏறாதபடி, காற்று தம் முதுகிலிருந்து வீசும் பக்கமாகத் தள்ளி நின்று காவல் காத்தார்.

ஒரு புள்ளிமான் நாக்கை நீட்டிக்கொண்டு வந்தது. "உப்பா மாமா?"

"எமன்! ஓடிப்போ!"

பாறை சுக்காய்க் காய்ந்த பிறகே அவர் குளக்கரைக்கு வந்தார்.

"எல்லாரும் இருக்கிறார்களா, விராலம்மா?"

"எண்ணிப் பார்க்க நானென்ன கணக்குப்பிள்ளையா? பசி, பசி என்று ஒருவர் விடாமல் பிடுங்குகிறார்கள். செத்தவர்களுக்குப் பசிக்குமா?"

கோரைப்பல்லர் குளமே சிலிர்க்கும்படி ஒரு பெருமூச்சு விட்டார். குஞ்சுகள் அந்த அலையில் ஏறி இறங்கி விளையாடின.

தன் உணவிலிருந்து நஞ்சை நீக்கியவன், அது பிறர் உணவில் சேராமல் காக்கும்வரை தன் வேலையை முடித்தவன் ஆகான்.