துரை கொட்டிய உச்சு

தென்னாப்பிரிக்காவில் தெருவுக்கொரு மொழி. அதில் கோசா மொழிக்காரர்களுக்கு, நாக்கால் உச்சுக் கொட்டுவதும் ஓர் எழுத்து. புதிதாக வந்த துரைக்கு அது பிடிக்கவில்லை. "இந்தப் பல்லி பாஷையை இனி யார் பேசினாலும் சிறை!" என்று உத்தரவு போட்டார்.

மறுநாளே அவருடைய சமையற்காரி நோசிபோ கோசாவில் பாடி மாட்டிக்கொண்டாள். காவலர் வந்து கையைப் பிடித்தார்.

"வரேன். ஆனா அடுப்புல உங்க சோளக் கஞ்சி அடிப்பிடிக்குதே, துரை!"

"ச்சு!" என்று துரை சலித்துக்கொண்டார்.

"துரையே கோசா பேசிட்டார்! அவரையும் பிடிங்க!"

"ச்சு! இதெல்லாம் ஒரு பேச்சா?"

"பாருங்க, திரும்பவும் பேசறார்!"

உத்தரவு உத்தரவுதானே. காவலர் துரைக்கும் விலங்கு மாட்டினார். மாட்டிவிட்டு, "ச்சு ச்சு, பாவம்" என்றார்.

நோசிபோ கேட்டாள்: "சரி, மூணு பேரும் உள்ளே போயிட்டா, வெளியே பூட்டறது யாரு?"