எல்லா விளையாட்டும் ஓடுகிற கம்ப்யூட்டர்

தூத்துக்குடியில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் ரொவீனா என்ற பெண் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்றுவந்தார். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தியவர். வயது முப்பதுதான். ஆனாலும் வருகிறவர்களுக்கெல்லாம் அவர் டீச்சர்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பாகங்களை அவர் பூட்டித் தர மாட்டார். வாங்குகிறவரே தன் கையால் பூட்ட வேண்டும். டீச்சர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பார். கை தப்பாகப் போனால் "ம்ஹூம்" என்பார். அவ்வளவுதான் பாடம்.

ஒரு மாலை சேர்மராஜ் அந்தப் படியேறி வந்தார். துறைமுகத்து எடைமேடையில் வேலை. அதற்கு முன் பல வருஷம் கன்டெய்னர் லாரி ஓட்டியவர். அவர் மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போய், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பெரிய சண்டை எதுவும் நடக்கவில்லை. வீட்டிலேயே இல்லாத ஆளோடு யார் சண்டை போட முடியும்?

"கேம் விளையாடுத மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேணும் டீச்சர். கையில அதிகம் கிடையாது. எதை முதல்ல வாங்கணும்?"

"யாருக்கு அண்ணாச்சி?"

"எனக்குத்தான்."

டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "விளையாடுவீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

பிறகு அவரே சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகனுக்குப் போன் போடுவார். சாப்பிட்டியா என்பார். ம் என்பான். படிக்கியா என்பார். ம் என்பான். போன வாரம் மட்டும், "அப்பா, அப்புறம் பேசுறேன், கேம்ல இருக்கேன்" என்றான். போனை வைக்க மறந்துவிட்டான். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். வேறு பையன்கள் கத்தினார்கள். மகன் பிரதீஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அவன் குரல் உடைஞ்சிருக்கு டீச்சர். பெரிய ஆம்பள மாதிரி சிரிக்கான். எனக்குத் தெரியவே தெரியாது."

டீச்சர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"என்ன கேம்?"

"அது தெரியல. எல்லா கேமும் ஓடுத மாதிரி போட்டுருவோம்."

"கேம் பேரைக் கேட்டுட்டு வாங்க."

"கேக்கணுமா?"

"கேக்கணும்."

சேர்மராஜ் இறங்கிப் போனார்.

அடுத்த முறை வந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் யூடியூபில் வீடியோக்களாகப் பார்த்திருந்தார். சமைக்கும்போது ஒன்று, சாப்பிடும்போது ஒன்று. ப்ராசஸர் எத்தனை கோர், கிராஃபிக்ஸ் கார்டு எத்தனை ஜிபி, எதை எதோடு சேர்த்தால் எது திணறும், எல்லாம் வாயிலிருந்து கொட்டியது.

டீச்சர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"நல்லாப் படிச்சிருக்கீங்க. என்ன கேம்?"

சேர்மராஜ் தரையைப் பார்த்தார்.

"கேக்கணும்னுதான் போட்டேன் டீச்சர். எடுத்தான். சாப்பிட்டியான்னு கேட்டுட்டேன்."

"என்ன சொன்னான்?"

"ம்னான்."

டீச்சர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு மதர்போர்டை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு ராம் நினைவகப் பட்டைகளை அவர் கையில் கொடுத்தார்.

"ஒண்ணை மாட்டுங்க."

சேர்மராஜ் புதுசாகத் தெரிந்ததை எடுத்து வைத்து அழுத்தினார். இறங்கவில்லை. திருப்பி வைத்துப் பார்த்தார். அப்போதும் இறங்கவில்லை.

"ம்ஹூம்," என்றார் டீச்சர்.

"ஏன், இது கெட்டுப்போனதா?"

"ரெண்டுல அதுதான் வேகமானது. விலையும் கூட."

"அப்ப கொஞ்சம் பலமா அமுக்கினா போகாதா?"

"அமுக்கினா போர்டு உடையும்."

சேர்மராஜ் குனிந்து போர்டில் இருந்த பள்ளத்தைப் பார்த்தார். நடுவில் ஒரு சின்னத் தடுப்பு இருந்தது. கையில் இருந்த ராமின் வெட்டு வேறு இடத்தில் இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு மற்றதை எடுத்தார். இரண்டு பக்கமும் டக்கென்று சத்தம் வந்து அது உட்கார்ந்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் ஞாயித்துக்கிழமை கேட்டுட்டு வாரேன்," என்றார்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்கு?"

சேர்மராஜ் மாடிப்படியில் நின்று போன் போட்டார். கீழே யாரோ டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா? என்னாச்சு? இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே."

"ஒண்ணும் ஆகல. நீ ஒரு கேம் விளையாடுதியே, அது பேரு என்ன?"

எதிர்முனையில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"அம்மா ஏதாச்சும் சொன்னாங்களா? நான் படிச்சிட்டுத்தான் விளையாடுறேன்."

"அதுக்கில்லடே. சும்மா தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மாவா?"

"சும்மாதான்."

பையன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். பேர் நார்த் ஃபோர்ட். பனி பெய்கிற மலையில் ஒரு கோட்டை. கூட்டாளிகள் சேர்ந்து அதைக் கட்டிக் காக்க வேண்டும். ஓநாய் வரும். கொள்ளைக்காரன் வருவான். போன வாரம் ஒருத்தன் கதவைச் சாத்த மறந்து, ஓநாய் சமையல் கூடத்துக்கே வந்துவிட்டது. சொல்லும்போதே பிரதீஷுக்குச் சிரிப்பு வந்தது. சேர்மராஜ் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். இடையில் எதுவும் பேசவில்லை. பேசினால் நின்றுவிடுமோ என்று பயந்தார்.

மேலே வந்து பேரைச் சொன்னார். டீச்சர் சிரித்துவிட்டார்.

"அது பழைய கேம் அண்ணாச்சி. இதுக்குத் தனியா கிராஃபிக்ஸ் கார்டே வேண்டாம். ப்ராசஸர்லயே இருக்கறது போதும்."

சேர்மராஜுக்கு முகம் விழுந்துவிட்டது. "இவ்வளவு சின்னதா?"

"அவன் இருக்கற இடத்துக்குப் போக இது போதும்."

"மிச்ச ரூவாய என்ன செய்ய?"

"கோயம்புத்தூருக்கு ரயில் இருக்கே."

"அவங்க கூப்பிடல டீச்சர்."

டீச்சர் அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பாகங்களைச் சேர்மராஜே பூட்டினார். லாரி என்ஜினில் பழகிய கை; ஆனாலும் ப்ராசஸரைத் திசை இரண்டு தரம் பார்த்த பிறகே வைத்தார். ஒரு திருகு உள்ளே விழுந்து, போர்டையே கழற்றித் திரும்ப வைக்க வேண்டியிருந்தது. அதற்கு முன், பாகங்களை வைக்கப் பெட்டி எடுக்கும்போது கண்ணாடி வைத்து, உள்ளே நீல விளக்கு எரிகிற ஒன்றை அவர் காட்டினார்.

"விளக்கு எதுக்கு அண்ணாச்சி? அதால வேகம் வராது."

"சாயங்காலம் வீட்டுக்குப் போனா இருட்டாக் கெடக்கும். இது எரிஞ்சா நல்லாருக்கும்லா."

டீச்சர் வாதாடவில்லை. அதை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். அதோடு மைக் வைத்த ஹெட்செட் ஒன்றையும் வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் அப்பா போனில் கேட்க, பிரதீஷ் தன் கோட்டைக்கு அவரைச் சேர்த்துக்கொண்டான். சேர்மராஜ் முகம் கழுவி, சட்டை மாற்றி உட்கார்ந்தார். திரையில் பனி பெய்தது. கம்பளிக் கோட்டு போட்ட நாலு பேர் நின்றிருந்தார்கள். ஐந்தாவது ஆள் இவர்.

நேராக நடக்கவே அவருக்கு வரவில்லை. சுவரில் முட்டினார். கிணற்றில் விழுந்தார். ஒரு பையன் இறங்கித் தூக்கிவிட வேண்டியிருந்தது.

"யாருடா இந்த ஆளு?" என்று அவன் கேட்டான்.

ஹெட்செட்டில் எல்லாம் துல்லியமாகக் கேட்டது. பிரதீஷ் மூச்சு விட்டதுகூடக் கேட்டது.

"தெரிஞ்ச அங்கிள்டா. ஊர்ல."

சேர்மராஜ் மைக்கை வாயிலிருந்து தள்ளி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பையன்கள் மலைக்கு அந்தப் பக்கம் வேட்டைக்குக் கிளம்பினார்கள். "அங்கிள், நீங்க இங்கயே இருங்க" என்றான் ஒருவன். பிரதீஷ் திரும்பிப் பார்க்கவில்லை. நாலு பேரும் பனிக்குள் சின்னதாகிச் சின்னதாகி மறைந்தார்கள். அவர்களின் குரலும் தேய்ந்து நின்றது. அப்புறம் காற்று மட்டும் வீசியது.

சேர்மராஜ் கம்ப்யூட்டரை அணைத்தார். நீல விளக்கும் அணைந்தது.

மறுநாள் பெட்டியை ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு டீச்சரிடம் வந்தார்.

"கார்டு போட்டுரலாம் டீச்சர். நான்தான் மெதுவா நடக்கேன். பையன்க காத்துக்கிட்டிருக்க மாட்டாங்கல்லா. நல்ல கார்டா இருந்தா அவங்களுக்குச் சமமாப் போவேன்."

டீச்சர் பெட்டியைத் திரையோடு இணைத்தார். விளையாட்டைத் திறந்து கோட்டையைச் சுற்றி ஓடிப் பார்த்தார். எங்கேயும் திணறவில்லை.

"மெஷின்ல ஒரு குறையும் இல்ல."

"அப்ப எதுல குறை?"

"அவங்க போனதும் நீங்க என்ன செஞ்சீங்க?"

"அணைச்சிட்டேன்."

டீச்சர் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். விளையாட்டு நண்பர்களின் பேர்கள் ஓரத்தில் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சாம்பல் நிறப் புள்ளி. அப்போது உள்ளே வந்திருந்த ஒருவருக்கு மட்டும் பச்சை.

"இது யாரு?" என்றார் சேர்மராஜ்.

"எங்க அக்கா. மஸ்கட்ல இருக்கா. அப்பா செத்த வருஷத்துலேருந்து பேச்சு இல்ல. கேம்லயும் சேர்ந்து ஆடறதில்ல. சாயங்காலம் அவ உள்ள வருவா. நான் பச்சையா இருக்கேனான்னு பாப்பா. நானும் பாப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. நான் சீக்கிரம் அணைச்ச அன்னைக்கு மட்டும் அவ பையன்கிட்டேருந்து ஒரு மெசேஜ் வரும். சித்தி, உடம்பு சரியில்லையான்னு."

சேர்மராஜ் அந்தப் பச்சைப் புள்ளியைப் பார்த்தார். பிறகு வயர்களைச் சுற்றிப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். கார்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அதன் பிறகு அவர் வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்குப் போனார். பையன்கள் இருந்தால் ஓரமாக நிற்பார். அவர்கள் வெளியே போனால் இவர் உள்ளேயே இருப்பார். சும்மா நிற்க அவருக்கு வரவில்லை. வடக்குச் சுவரில் கல் சரிந்திருந்தது. எந்தப் பட்டனை அழுத்தினால் கல்லைத் தூக்கலாம் என்று கண்டுபிடித்தார். ஒரு பட்டனில் கோடாலி வந்தது. விறகு வெட்டி அடுக்கினார். கதவைச் சாத்திவைத்தார்.

பல நாள் யாருமே வரவில்லை. அந்த நாட்களில் அவர் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு வந்து சுவர் கட்டினார். பக்கத்து வீட்டில் டிவி ஓடும். இவர் வீட்டில் பனிக்காற்று வீசும்.

ஒரு சாயங்காலம் கதவு திறந்தது. கம்பளிக் கோட்டு ஒன்று தனியாக உள்ளே வந்து நின்றது.

"அப்பா?"

"சொல்லுப்பா."

"நீங்க இன்னும் இதுல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

பிரதீஷ் சுவரோரமாக நடந்து போனான். விறகைப் பார்த்தான். திரும்பி வந்தான்.

"இதெல்லாம் நீங்களா?"

"ஆமா. சரியா இருக்கா?"

கோயம்புத்தூரில் ஒரு அறையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டது.

"கல்லுக்குள்ள மரம் குடுத்துக் கட்டுங்க. அப்பத்தான் நிக்கும். ஆத்துக்கு அந்தப் பக்கம் நல்ல மரம் இருக்கு."

"சரிப்பா."

"ஓநாய் இருக்கும். பாத்துப் போங்க."

அவன் பேர் சாம்பல் நிறமானது.

மறுபடியும் அவன் வரவில்லை. அரையாண்டுத் தேர்வு வந்தது. அதுவும் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை போனில் பழையபடி ம் என்றான். மற்ற பையன்களும் கோட்டைப் பக்கம் வரவில்லை.

சேர்மராஜ் மீண்டும் அந்தப் படியேறினார். கையில் பெட்டி இல்லை. டீச்சர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மரம் குடுத்துக் கட்டினேன் டீச்சர். மரம் குடுத்த இடம் நல்லாத்தான் நிக்குது. ஆனா அங்க பனி நிக்காம பெய்யுது. இன்னைக்கு ஒரு பக்கம் கட்டினா நாளைக்கு வேற பக்கம் சரிஞ்சு கெடக்கு. அதை எடுத்துக் கட்டினா மறுபக்கம். பாக்கறதுக்கு யாரும் இல்ல. நான் மட்டும் கட்டிக்கிட்டே இருக்கேன்."

டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோட்டையில இப்ப நான் ஒருத்தன்தான். என்ன செய்ய?"

"சுவர் தினமும் சரியுதா?"

"தினமும்."

"அப்ப தினமும் உங்களுக்கு அங்க வேலை இருக்கு அண்ணாச்சி."

பையன் எப்போது எட்டிப் பார்த்தாலும் தன் பேர் பச்சையாக இருக்க வேண்டுமே என்று சேர்மராஜ் எழுந்து படியிறங்கினார்.