ஏழு படங்களும் ஒரு வலையும்

ராஜாக்கிளி அறுபட்ட வலையை மணலில் விரித்து, நுனிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனாள். பிசிறு இல்லை. கத்திதான். அது அவளுடைய கொழுந்தன் உத்திராபதியின் திருக்கை வலை. அதில் மிஞ்சிய பாதி. அவசரத்தில் மேல்கயிற்றையே வெட்டியிருந்தான். மறுபாதி நீரோட்டத்தோடு போய்விட்டது.

பக்கத்தில் வீரய்யன் தன் வலையை விரித்துக் காட்டினான். அதிலும் கத்தி பட்டிருந்தது. ஆனால் மேல்கயிறு முழுசாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு ஓட்டை, ஜன்னலுக்கு அளவெடுத்த மாதிரி நான்கு பக்கமும் நேராக.

இருவர் வலையிலும் ஒரே வாரத்தில் ஆவுளியா மாட்டியிருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடற்பசு என்று போட்டிருப்பார்களே, அதுதான். கடலடியில் புல் மேய்கிற பிராணி. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூக்கை நீட்டி மூச்சு வாங்கியாக வேண்டும். வலை பிடித்துக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துவிடும்.

சம்பைத்திடல்காரர்கள் தங்கள் கடலின் புல்வெளியைத் தாங்களே காத்துவந்தார்கள். அங்கே நங்கூரம் போடுவதில்லை. ஆவுளியா மாட்டினால் அந்த நொடியே வலையை அறுத்து அதை விட்டுவிடுவது. இது ஊர்க்கூட்டத்தின் முடிவு. அதைக் கேள்விப்பட்டு ஒரு அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு மானியம் ஒதுக்கியது. முதல் வருடத்தில், பிராணிக்காக வலையை இழந்த ஒருவருக்குப் புது வலை. ஒன்றே ஒன்று. பிராணி வலையில் இருக்கும்போது எடுத்த படத்தை இணைக்க வேண்டும் என்பது விதி. யாருக்கு என்று, இதற்கான ஊர்க் குழுவின் தலைவி ராஜாக்கிளி மாலை ஐந்து மணிக்குள் எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கையில் குறையிருந்தால் அடுத்த வருட மானியம் நின்றுபோகலாம்.

"படம் எங்க தம்பி?" என்று உத்திராபதியிடம் கேட்டாள் ராஜாக்கிளி.

"அது மூச்சுக்குத் தவிக்குது, நான் போனைத் தேடிக்கிட்டு இருக்கட்டுமா அண்ணி?" என்றான் உத்திராபதி. வலை போனதிலிருந்து அவன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். திருக்கை கிடைக்கும் பருவம் இன்னும் இரண்டு மாதம்தான்.

வீரய்யன் குறுக்கே வந்தான். "அவன் சொல்றது பொய்யில்லக்கா. நான் அந்தாண்டதான் நண்டு வலை இழுத்துக்கிட்டிருந்தேன். வாலடிச்சுட்டுப் போனதைப் பார்த்தேன். ஆனா விதியை நானா எழுதினேன்? படம் வேணும்னாங்க, எடுத்தேன். ஒண்ணு ஆடிப்போச்சு, ஒண்ணுல என் கையே மறைச்சிருச்சு. மொத்தம் ஏழு. அப்புறம் பதமா அறுத்து விட்டேன். அதுவும் உசுரோடதான் போச்சு."

"ஏழா? ஆவுளியாவுக்குக் கல்யாண ஆல்பமாடா போட்ட?" என்றான் உத்திராபதி. வீரய்யனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ராஜாக்கிளி வீரய்யனின் போனை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்த்தாள். முதல் படம் எடுத்தது ஆறு பன்னிரண்டுக்கு. அதில் மூக்கு வெளியே இருந்தது. ஏழாவது, ஆறு பதினாறு. அதில் மூக்கு தண்ணீருக்குள் இருந்தது.

குழுவின் செயலாளர் குமுதவல்லி அவள் காதருகே வந்தாள். "இதுல ஒண்ணை உத்திராபதி பேருல வச்சு அனுப்பிடுவோம். எல்லா ஆவுளியாவும் பார்க்க ஒண்ணுதான். படமில்லாத அறிக்கையைத் தொறந்துகூடப் பார்க்க மாட்டாங்க."

அது வீரய்யன் காதிலும் விழுந்தது. "எழுதுறது உங்க இஷ்டம்க்கா. ஆனா கொழுந்தன்ங்கறதுக்காக அவன் பேரை எழுதினீங்கன்னா நாளைக்கு நானே கேப்பேன்."

மணி நாலரை.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். விதிப்படி படம் எடுத்துவிட்டு அறுத்த வீரய்யன், படத்தை நினைக்காமல் அறுத்த உத்திராபதி, மானியம் நிற்காமலிருக்க வழி சொன்ன குமுதவல்லி. இதில் யார் செய்தது சரி? ராஜாக்கிளி என்ன எழுத வேண்டும்?

விடை மணலில் விரித்துக் கிடந்தது. வீரய்யன் பொய் சொல்லவில்லை, விதியையும் மீறவில்லை. ஆனால் துடிக்கிற பிராணியைச் சுற்றி அவ்வளவு நேராக அறுக்க நேரம் வேண்டும். அந்த நேரம் அதன் மூச்சிலிருந்து எடுத்தது. அவன் வலையைக் கட்டிச் சரிசெய்துவிடலாம். உத்திராபதிக்குக் கட்டுவதற்கே பாதி வலை இல்லை. அவன் சொல்லுக்குப் போட்டிக்காரனே சாட்சி. இரவல் படத்தை ஒட்டி அனுப்பினால், அடுத்த முறை ஊரே கத்திக்கு முன்னால் போனை எடுக்கும். ராஜாக்கிளி உத்திராபதி பெயரை எழுதினாள். உறவு என்ற இடத்தில் 'என் கொழுந்தன்' என்று எழுதினாள். படம் என்ற இடத்தில், 'இல்லை. இனியும் எடுக்க மாட்டோம். இரண்டு வலையையும் வந்து பாருங்கள்.' ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள். "மானியம் நின்னுட்டா?" என்றாள் குமுதவல்லி. "நங்கூரம் போடாம இருக்கறதுக்குக் காசு எதுக்கு?" என்றாள் ராஜாக்கிளி. வீரய்யன் வலை ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு தன் ஓட்டையருகே உட்கார்ந்தான். உத்திராபதி எதிரே உட்கார்ந்து, அதன் மறுபக்க ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டான்.