வெள்ளிப் பின்னல் கேபிள்

“இதுல எது நல்ல கேபிளுங்க?” என்று கேட்டார் கனகசபாபதி.

காந்திபுரத்துச் சந்தில், ரெஜினாவின் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை மேசையில், நான்கு ஸ்பீக்கர் கேபிள்களை வரிசையாக வைத்தார். ஒன்று கட்டைவிரல் தடிமன். ஒன்று நீலம். ஒன்று துணி சுற்றியது. நான்காவது வெள்ளி முலாம் பூசிய பின்னல். அதை மட்டும் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

கனகசபாபதிக்கு மில்லில் நூலின் தரம் பார்க்கும் வேலை. முப்பது வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவர். அந்தக் கண்ணை மில்லிலேயே விட்டுவிட்டு வர அவருக்குத் தெரியாது.

ரெஜினா சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள்.

“காலைல என்ன கேட்டீங்க சார்?”

“நாகஸ்வர ரெக்கார்டுங்க. தவில்ல இடது பக்கம் கொஞ்சம் மங்கல். நீலத்துல தெளிவா இருக்கு, ஆனா கனம் இல்லீங்க.”

“எப்படி முடிச்சாரு?”

“எதைங்க?”

“ராகத்தை.”

கனகசபாபதி கேபிள்களைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

“அதுவரைக்கும் போகலீங்க. நடுவுல எந்திரிச்சு ஒயர் மாத்தினேன்.”

“நேத்து?”

“நேத்தும் மாத்தினேனுங்க.” அவர் குரல் இறங்கியது. “எட்டு மாசமாச்சு, ஒரு பாட்டையும் முழுசாக் கேட்டு. உக்காந்தா ஒயர்தான் கேக்குது. இன்னைக்கு ஒரு வழி தெரியலைன்னா பாட்டு செட்டையே மச்சினனுக்குக் குடுத்துடறேன். வண்டிக்குக்கூடச் சொல்லிட்டேன்.”

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட ஆசை அந்த செட்.

ரெஜினா ஷட்டரை இழுத்துப் பூட்டினாள்.

“வீட்டுக்குப் போலாம் வாங்க.”

*

வீட்டில், இரண்டு ஸ்பீக்கருக்கும் நேர் நடுவில் ஒரு நாற்காலி. அதன் கால்கள் இம்மி நகராதபடி தரையில் சாக்பீஸ் வட்டங்கள். மின்விசிறி ஓடவில்லை. ஓடினால் சத்தமாம்.

மனைவி சுலோச்சனா புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே வந்தாள்.

“வாங்க அக்கா. கேஸ் முத்திப்போச்சுங்களா?”

“இப்ப செட்டுல எந்த ஒயர் மாட்டியிருக்கு சார்?” என்று கேட்டாள் ரெஜினா.

“அது சும்மா, முக்குக் கடைல மீட்டர் கணக்குல வாங்கின சிவப்பு கறுப்பு ஒயருங்க. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக மாட்டினது. கழட்டிடட்டுங்களா?”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

ரெஜினா கைக்குட்டையைப் பிரித்தாள். வெள்ளிப் பின்னலை எடுத்தாள். அவர் நெஞ்சைச் சுற்றி, கைகளையும் சேர்த்து, நாற்காலி முதுகோடு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“ஐயோ, அதை அப்படி மடக்கக் கூடாதுங்க!”

இன்னொரு சுற்று.

“முடிச்சுப் போடாதீங்க! உள்ள இழை அறுந்துடும்!”

முடிச்சுப் போட்டாள்.

சுலோச்சனாவின் முகம் மலர்ந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்து யாரும் பார்த்ததில்லை.

“அக்கா, காலையும் கட்டட்டுங்களா? நீலம் சும்மாதானே கெடக்குது.”

“கால் இருக்கட்டும். வேணும்.”

ரெஜினா இசைத்தட்டில் முள்ளை வைத்தாள். சுலோச்சனா, யாரும் சொல்லாமலே, மின்விசிறியைப் போட்டாள்.

நாகஸ்வரம் எழுந்தது.

“மேல்ஸ்தாயில கூர்மை பத்தலைங்க,” என்றார் கனகசபாபதி.

ரெஜினா சத்தத்தை ஒரு திருப்புக் கூட்டினாள்.

“நீலத்தை மாட்டினா சரியாயிடும். ஒரே நிமிஷம் அவுத்து விடுங்க.”

சுலோச்சனா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் நறுக்க ஆரம்பித்தாள்.

அவர் நெளிந்தார். திமிறினார். வெள்ளி பாருங்கள், நன்றாகத்தான் பிடித்தது.

“தவில்...” என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்ததை முடிக்கவில்லை. தவில் புகுந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. பிறகு பாதம். பிறகு குதிகால் தரையில் தட்டியது. நாற்காலி சாக்பீஸ் வட்டத்தைத் தாண்டி ஒரு சாண் நகர்ந்தது. அவர் கவனிக்கவில்லை.

தவில்காரர் ஒரு கணக்கை எடுத்து, இழுத்து, முடியவே முடியாது என்று எல்லோரையும் நம்பவைத்து, கச்சிதமாக வந்து இறங்கினார்.

“அடேயப்பா!” என்று கத்திவிட்டார் கனகசபாபதி.

சுலோச்சனா அவரைக்காயை விட்டுவிட்டுச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரிப்போடு கண்ணீர் கன்னத்தில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

பக்கம் முடிந்தது. முள் கடைசி வரியில் கரகரவென்று சுற்றியது.

ரெஜினா எழுந்து போய் முடிச்சில் கை வைத்தாள்.

“அவுக்காதீங்க,” என்றார் கனகசபாபதி.

“ஏன் சார்?”

“மறுபக்கம் இருக்குதுங்க.”