ஆட்காட்டியின் வெட்டிவேர்க் கூடு

மனிதர் பேச்சு பறவைக்கும், பறவை பேச்சு மனிதருக்கும் விளங்கிய அந்தக் காலத்தில், கொண்டலேரி என்று ஓர் ஏரி இருந்தது. அதன் கரையை யாரும் கட்டவில்லை. பழைய வெள்ளம் எதுவோ மண்ணைக் கொண்டுவந்து குவித்தது, அதன்மேல் வெட்டிவேர்ப் புல் முளைத்து மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அந்தப் புல்லுக்குள் ஒரு பெண்குருவி தனியாக வாழ்ந்தாள். நெடுநெடுவென்று மஞ்சள் கால், கறுத்த தலை, வாயே திறக்காத சுபாவம். ஊமைக்குருவி என்று எல்லாரும் அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஊமையும் இல்லை ஒன்றும் இல்லை, பேசுவதற்கு ஆள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏரியை நம்பிப் பிழைத்தவர்கள் தங்களுக்குள் ஒரு கூட்டு வைத்திருந்தார்கள். வருஷாவருஷம் ஆடி மாதத்தில் நாவல் மரத்தடியில் கூடி, இந்த வருஷத்துக்கு நான் போடும் முதல் இது என்று ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். உழவன் சடையன் தன் ஏரைச் சொல்வான். தூக்கணாங்குருவி ஈச்ச மரத்தில் ஆடும் கூடுகளைக் காட்டும். தேனீக்கள் தங்கள் அடையைச் சொல்லும். முதல் போட்டவர்களுக்கெல்லாம் கரைமேல் வரிசையாகப் பந்தி இலை விழும், விளைச்சலில் பங்கும் கிடைக்கும். இலையில் இருப்பது என்னவோ ஒரு பிடி தினைதான். ஆனால் அன்றைக்கு நடக்கும் கேலியும் கிண்டலும் சிரிப்பும் அடுத்த ஆடி வரைக்கும் பேச்சாக இருக்கும்.

ஊமைக்குருவிக்கு அந்த இலைமேல் உயிர். தினைக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து இலையில் யாராவது உட்கார்ந்திருப்பார்களே, அதற்காக.

ஓர் ஆடியில் துணிந்து முன்னால் வந்து நின்றாள்.

"நீ என்னத்தப் போடுற, தாயி?" என்று கேட்டான் சடையன். கெட்டவன் என்று அவனைச் சொல்ல முடியாது. குரலில் இரக்கம்கூட இருந்தது.

"நான் கரையிலயே இருக்கேன், அண்ணே. புல்லுக்குள்ள நிக்கிறேன்."

எல்லாரும் கொல்லென்று சிரித்தார்கள். "நிக்கிறதெல்லாம் முதலாயிடுமா? அந்தக் கரையுந்தான் நிக்குது!" என்றது தூக்கணாங்குருவி.

சடையன் பொறுமையாக விளக்கினான். "கையோ மூக்கோ பட்டு ஒரு பொருள் உருவாகணும். அதுதான் முதல். தண்ணி, மண்ணு, புல்லு இதையெல்லாம் யாரு செஞ்சா? சும்மா கெடக்குது. சும்மா கெடக்குறத வச்சு இலை கேட்டா எப்படி, நீயே சொல்லு."

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அன்று எல்லாரும் சாப்பிட்டபோது அவள் எதிர்க்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்புச் சத்தம் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது.

அந்த வருஷம் முழுக்க அவள் கூடு கட்டப் பழகினாள். அவளுடைய மூக்கு புழு பொறுக்கத்தான் லாயக்கு, பின்ன வராது. சருகை வைத்தாள், காற்று கொண்டுபோனது. கோரையை வைத்தாள், இற்று விழுந்தது. கடைசியில் ஒருநாள் காலடியில் இருந்த வெட்டிவேரைப் பற்றி இழுத்தாள். வேர் நீளமாக, மணமாக, நூல்போல வளைந்துகொடுத்து வந்தது. அதோடு ஒரு கை மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது.

அவள் திடுக்கிட்டு நின்றாள். பக்கத்தில் சடையன் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இது யாரோட முதலு?"

"எது, அந்த வேரா? யாரும் செய்யாதது யாருக்கு முதலாகும்? நீ எடுத்துப் பின்னுனா அப்ப ஒன் முதலு."

அடுத்த வேரையும் இழுத்தாள்.

மறு ஆடியில் அவள் கொண்டுவந்த கூட்டைக் கண்டு நாவல் மரத்தடியே எழுந்து சுற்றிக் கூடிவிட்டது. சடையன் அதை முகத்தருகே வைத்து மூச்சை இழுத்தான். "ஆத்தாடி! என்னா வாசனை, என்னா குளிர்ச்சி! இத்தன நாளு எங்க தாயி ஒளிச்சு வச்சிருந்த?" தூக்கணாங்குருவிக்கும் தேனீக்களுக்கும் நடுவில் அவளுக்கு இலை விழுந்தது. யாரோ ஏதோ சொல்ல, அவளும் சிரித்தாள். தன் சிரிப்பு இப்படித்தான் இருக்குமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் அவளுக்கு நிற்க நேரமில்லை. சடையனுக்கு ஒரு விசிறி வேண்டும், வாசலுக்கு ஒரு தட்டி வேண்டும். தூக்கணாங்குருவிக்குக் கூட்டுக்குள் விரிக்க மெத்தை வேண்டும். வேர் பறிக்க அவள் மூக்கு போதாதென்று சடையனே மண்வெட்டியோடு வந்து தோண்டிக் கொடுத்தான். தினமும் சாயங்காலம் யாராவது வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசினார்கள்.

கால் வைக்கும் இடமெல்லாம் கரை பொதபொதவென்று அமுங்குவது அவளுக்குத் தெரிந்தது. கரையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? சொல்லிவிடலாம் என்று பலதடவை வாயெடுத்தாள். சொன்னால் வேர் பறிப்பது நிற்கும். அது நின்றால் நாளைக்கு யார் வருவார்கள்? பேசாமல் இருந்துவிட்டாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு விடியற்காலையில் கரை இரண்டாகப் பிளந்தது. உச்சிப்பொழுதுக்குள் கொண்டலேரியில் சேறும் துடிக்கிற மீன்களும்தான் மிச்சம்.

எல்லாரும் நாவல் மரத்தடிக்கு ஓடிவந்தார்கள். அவரவர் போட்ட முதல் என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஏர் கொட்டிலில் பத்திரமாக இருந்தது. கூடுகள் ஆடிக்கொண்டிருந்தன. தேனடைக்கு ஒரு சேதமும் இல்லை. ஊமைக்குருவியின் கூடும் நாவல் கிளையில் மணமாகத் தொங்கியது.

"போட்ட முதல் ஒண்ணுங்கூடக் கொறையலையே!" என்றான் சடையன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏரி, அண்ணே?" என்று அவள் கேட்டாள்.

சடையன் அவளைப் பார்த்தான். "அத நாம முதல் கணக்குல சேக்கவே இல்லையே, தாயி."

தை பிறப்பதற்குள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சடையன் ஏரைத் தோளில் போட்டுக்கொண்டு ஈரம் தேடிப் போனான். தேனீக்கள் அடையை விட்டுவிட்டுப் பறந்தன. தூக்கணாங்குருவி கடைசியாக வந்து, "தங்கச்சி, நீயும் எங்களோட வந்துடு. தனியா இங்க என்ன செய்வ?" என்றது.

பிறந்ததிலிருந்து அவள் கேட்கத் தவித்த வார்த்தை அது. ஆனால் உடைப்புக்குத் தெற்கே ஒற்றை வெட்டிவேர்த் தூர் இன்னும் பச்சையாக நின்றது. "நான் வரல, அண்ணே" என்று சொல்லிவிட்டாள்.

அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகு தன் கூட்டைப் பிரித்து, வேர்களை ஒவ்வொன்றாகக் கரையில் ஊன்றினாள். காய்ந்த வேர் துளிர்க்குமா? அழுது அழுது அவள் கண்ணோரத் தோல் சிவந்து தடித்தது. இருந்த அந்த ஒரு தூருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எங்காவது காலடிச் சத்தம் கேட்டால் போதும், தூரை யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று, ஊமை என்று பெயர் வாங்கியவள் எழும்பிப் பறந்து கத்தினாள்.

அந்த ஐப்பசி முதற்கொண்டுதான் அவள் வம்சத்தில் யாரும் கூடு கட்டுவதில்லை. ஒரு துரும்பையும் பிடுங்காமல் வெறுந்தரையில் முட்டையிடுகிறார்கள். கண்ணோரத்துச் சிவப்பும் இன்னும் போகவில்லை. யார் அருகில் வந்தாலும் "தொட்டியா நீ? தொட்டியா நீ?" என்று தலைக்குமேல் வட்டமிட்டுக் கேட்கிறார்கள். ஆள் வருவதைக் காட்டிக்கொடுக்கிறது என்று நாம் அதற்கு ஆட்காட்டி என்று பெயர் வைத்துவிட்டு நம் வழியில் போகிறோம். நின்று பதில் சொன்னவர்கள் இன்றுவரை யாரும் இல்லை.