தேவாங்கும் கொம்பன் சுறாவும்

கிட்ட வந்து உட்காருங்க, கடல்காத்து பேச்சைக் கொண்டுபோயிரும்.

படகுச் சொந்தக்காரர் சந்தியாகு சம்மாட்டி, கரையில எல்லாருக்கும் முன்னால, மெதுவா வலை இழுக்கிற ரெமியாசைப் பார்த்துக் கத்தினார். "நான் கொம்பன் சுறா, நீ தேவாங்கு! எதுலயாவது என்னை ஜெயிச்சாத்தான் இனிமே என் படகுல ஏறலாம்!"

மீன் ஏலக்காரர் வர்றதை ரெமியாஸ் ஓரக்கண்ணால பார்த்தான்.

"சரி சம்மாட்டி. சுறா நீந்தாம நின்னா மூச்சு முட்டும். தேவாங்கு பகலெல்லாம் அசையாது. ரெண்டு பேரும் உட்காருவோம். முதல்ல எழுந்தவர் தோத்தவர்."

"இவ்வளவுதானாடா?" சிரிச்சுக்கிட்டே சம்மாட்டி மணல்ல உட்கார்ந்தார்.

ஏலக்காரர் சம்மாட்டியோட மீனைத்தான் முதல்ல கூவினார். கேட்டதெல்லாம் அடிமாட்டு விலை. "ஒருதரம்... ரெண்டுதரம்..."

"நிறுத்துய்யா!" சம்மாட்டி துள்ளி எழுந்து ஓடினார். கரையே சிரிச்சுது.

ரெமியாஸ் மணலைத் தட்டிவிட்டு, தேவாங்கு மாதிரியே மெதுவா, சம்மாட்டி படகுல ஏறி உட்கார்ந்தான்.