வசந்தாமணிக்குப் பதிலாக

பள்ளிக்கூடத்தில் சஸ்பெண்ட் ஆன பிள்ளை திருப்பூரில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்காது. பக்கத்து வீட்டு அக்கா கூட்டிப்போய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்த்துவிடுவாள். சனிக்கிழமை சம்பளம் வரும். அந்தச் சம்பளத்தின் ருசி வீட்டுக்குப் பிடித்துவிட்டால், சஸ்பென்ஷன் முடிந்துபோனது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

அது நடக்கக் கூடாது என்றுதான் செசிலி டீச்சர் மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். பள்ளி வெளியே அனுப்பிய பிள்ளைகள் பகலில் அங்கே வந்து படித்தார்கள். அவர்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்க, தெருக் கடைக்காரர்கள் அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். வீடு வீடாகப் போய் நிலைமை விசாரிக்கும் வேலை லோகநாதனுடையது.

லோகநாதன் தன்னை டீச்சரின் சீடன் என்று சொல்லிக்கொள்வான். டீச்சருக்கு அவனைவிட இரண்டு வயதுதான் கூட. அந்த வார்த்தையைக் கேட்டாலே தலையில் அடித்துக்கொள்வார். நல்லவன்தான். யாருக்காவது உதவி என்றால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது, கேட்பதற்கு முன்பே செய்துவிடுவான். வினை அதில்தான் வந்தது.

தாரணி என்று ஒன்பதாம் வகுப்புப் பெண். பையில் போன் இருந்தது என்று ஒரு வாரம் வெளியே அனுப்பிவிட்டார்கள். மறுபடி சேர்க்க வேண்டுமானால் பெற்றவர் வந்து தலைமையாசிரியை முன்னால் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தப் பள்ளியின் வழக்கம் அப்படி. தாரணிக்கு அம்மா மட்டும்தான். அந்த அம்மா, வசந்தாமணி, கம்பெனியில் டெய்லர். ஒரு நாள் லீவு போட்டால் அந்த மாத போனஸ் போய்விடும்.

லோகநாதன் யோசித்தான். ரொம்ப ஒன்றும் யோசிக்கவில்லை. தாரணியைக் கூட்டிக்கொண்டு அவனே பள்ளிக்குப் போனான்.

"நான் இவளுக்கு மாமாங்க" என்றான்.

தலைமையாசிரியை திட்டித் தீர்த்தார். கையைக் கட்டிக்கொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டான்.

"அவங்கம்மா பாவங்க. படிக்காதவங்க, ஒண்ணும் தெரியாது. இங்கெல்லாம் வந்து நிக்க முடியாத நிலைமைங்க. இந்த ஒரு தடவை விட்டுருங்க."

தாரணியை அப்போதே வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்கள். திரும்பி வந்த லோகநாதனுக்குக் கால் தரையில் பாவவில்லை. நடந்ததை டீச்சரிடம் நடித்தே காட்டினான். டீச்சர் சிரிக்கவில்லை. அது அவன் கண்ணில் படவும் இல்லை.

சாயங்காலம் வசந்தாமணி மாடி ஏறி வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் நூல் பிசிறுகள் ஒட்டியிருந்தன. பிள்ளைகள் இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

"ஏனுங் தம்பி, எம்புள்ளைக்கு நீங்க எந்த வகையில மாமனுங்க?"

லோகநாதன் சிரித்தான். "உங்க போனஸ் போயிடக் கூடாதுன்னுதாங்க..."

"போனா போகட்டும்னுதான் நாளைக்கு லீவு கேட்டிருந்தேன். சூப்பர்வைசர்கிட்ட கெஞ்சி வாங்கினதுங்க அது. அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாகிட்ட என்ன பேசறதுன்னு மிஷின்ல உக்காந்து உக்காந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டிருந்தேன்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது.

"வகுப்புல அந்த மிஸ்ஸு எல்லாரு முன்னாடியும் கேட்டிருக்காங்க. உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதாமே, அதான் உன்னை இப்படி விட்டிருக்காங்களான்னு. புள்ள பாதியில எந்திரிச்சு கம்பெனி வாசலுக்கே வந்துட்டா. இனி அந்தப் பக்கமே போகமாட்டாளாம். உங்கூடவே கம்பெனிக்கு வந்துடறேன்னு அழுகறா."

"நான் வேணா வந்து தாரணிகிட்ட..."

"வேண்டாமுங்க. எம்புள்ளைக்குத் திட்டு வாங்கக்கூட எனக்கு வக்கில்லைன்னு ஊருக்கே சொல்லியாச்சு. இனி நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

வந்த வேகத்திலேயே இறங்கிப் போய்விட்டாள். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு அவனைப் பார்த்தார்கள். அவள் தன்னைக் கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று லோகநாதனுக்கு இருந்தது.

மறுநாள் காலையில் முகம்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து சேர்ந்தான். டீச்சர் எங்கோ போய்விட்டு அப்போதுதான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார்.

"நல்லதுதானே டீச்சர் நெனச்சேன். எங்க தப்பு?"

டீச்சர் இறங்கவில்லை. வண்டியைத் திருப்பினார்.

"நீங்க மேல போய் உக்காருங்க. நான் பள்ளிக்கூடம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"எதுக்குங்க?"

"உங்களுக்காக மன்னிப்புக் கேட்கத்தான். மாமான்னு சொன்னது பொய்னு தெரிஞ்சா உங்களுக்கு அசிங்கம். நீங்க எதுக்கு அங்க வந்து நிக்கணும்?"

லோகநாதனுக்கு ஒரு நிமிடம் அப்பாடா என்று இருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே இருந்தது.

"என்னன்னு சொல்வீங்க?" என்றான்.

"பாவம், நல்ல மனுசன். ஒண்ணும் தெரியாது. இங்கெல்லாம் வந்து நிக்க முடியாத நிலைமை. இந்த ஒரு தடவை விட்டுருங்கன்னு சொல்றேன்."

அவன் முகம் சிவந்துபோனது.

"என்னைப் பத்தி அப்படியெல்லாம் சொல்லாதீங்க டீச்சர். எனக்கென்ன வாய் இல்லையா? நான் செஞ்சதுக்கு நான் வந்து பேசிக்கிறேன்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. டீச்சர் வண்டியை அணைத்தார்.

லோகநாதன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"இப்ப எங்க போயிட்டு வந்தீங்க?"

"வசந்தாமணி வீட்டுக்கு."

"என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட என்ன பேசறதா இருந்தாங்கன்னு கேட்டேன். முதல்ல வாயே தொறக்கல. அப்புறம் மொத்தத்தையும் சொன்னாங்க. நல்லாப் பேசறாங்க. தாரணி அடுப்படியில நின்னு கேட்டுட்டிருந்தா. அம்மா வந்தா நானும் வர்றேன்னுட்டா. இந்நேரம் ரெண்டு பேரும் பள்ளிக்கூட வாசலுக்கு வந்திருப்பாங்க."

"எம்மேல கோவமா இருப்பாங்களே."

"இருப்பாங்க."

டீச்சர் வண்டியிலிருந்து இறங்கிச் சாவியை அவன் கையில் வைத்தார்.

"நீங்களும் போங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க வாயைத் தொறக்கக் கூடாது. ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டினாங்கன்னா குறுக்க போகாதீங்க. அது அவங்களுக்கு விழற திட்டு."

லோகநாதன் தலையாட்டினான். வண்டியைக் கிளப்பியவன் மறுபடி நிறுத்தினான்.

"டீச்சர், இவர் யாருன்னு கேட்டாங்கன்னா? மாமான்னு சொன்னதுதான் பொய்யாச்சே. இப்ப என்னன்னு சொல்றது?"

"நேத்துப் பொய் சொல்லிட்டுப் போனவன்னு சொல்லுங்க."